சிரிக்கச் சிரிக்கச் சொன்ன ஸ்ரீரங்கத்து மருமகள்

(இறுதியாண்டு, இயந்திரவியல் துறை)



ஆண்டு மலர் என்றால் அதில் ஒரு வாழ்க்கை வரலாறு இருந்தே தீரும். எடிசன் இருப்பார், விசுவேசுவரய்யா இருப்பார், நம்ம ஜி.டி. நாயுடு இருப்பார். பல்பு செய்தவர், அணை கட்டியவர், மோட்டார் செய்தவர் என்று எல்லாரையும் படித்தாயிற்று. இந்தத் தடவை கொஞ்சம் வேற மாதிரி ஒருத்தரைப் பார்ப்போமே!

இவர் எந்த மெஷினையும் கண்டுபிடிக்கவில்லை. டிகிரியும் கிடையாது, டிப்ளமோவும் கிடையாது. பத்து வயதில் கல்யாணம். கூட்டுக் குடும்பம், அடுப்படி, மாமியார், குழந்தை குட்டி... அவ்வளவுதானே என்று நினைத்துப் பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். அந்த அடுப்படிக்குள் இருந்துகொண்டே தமிழ்நாட்டைச் சிரிக்க வைத்தவர் இவர். சிரித்து முடித்த பிறகு, நாம எதுக்குச் சிரிச்சோம் என்று யோசிக்கவும் வைத்தவர். பெயர் குமுதினி. இயற்பெயர் ரங்கநாயகி. வெளியுலகத்துக்கு ரங்கநாயகி தாத்தம்.

நமக்குப் பக்கத்து ஊர்க்காரர்

குமுதினியை வேற்றூர்க்காரர் என்று ஒதுக்க முடியாது. 1995ல் பெரம்பலூர் தனி மாவட்டம் ஆவதற்கு முன்பு நாம் எல்லாருமே திருச்சி மாவட்டத்துக்காரர்கள்தானே! அரியலூர் 2001ல் பிரிந்து, 2002ல் சேர்ந்து, 2007ல் மறுபடியும் பிரிந்தது தனிக்கதை. பெரம்பலூரில் பஸ் ஏறி சிறுவாச்சூர், பாடாலூர், சமயபுரம் தாண்டிக் கொள்ளிடம் பாலத்தில் போகும்போது வலது பக்கம் பெரிய கோபுரம் தெரியும். அரியலூரில் ரயில் ஏறினால் லால்குடிக்கு அப்புறம் அதே கோபுரம். அந்தக் கோபுரத்தடி ஊர்தான் குமுதினியின் புகுந்த ஊர், ஸ்ரீரங்கம்.

இன்னொரு விஷயம். நாம் பார்க்கிற அந்த 13 நிலை, 236 அடி ராஜகோபுரத்தை முழுசாகப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. அவர் மருமகளாக வந்தபோது அது பல நூறு வருஷமாகக் கட்டி முடிக்கப்படாமல் மொட்டைக் கோபுரமாகவே நின்றது. 1987ல்தான் கும்பாபிஷேகம் நடந்தது. குமுதினி மறைந்தது 1986ல். வாழ்நாளின் பெரும்பகுதியை மொட்டைக் கோபுரத்தைப் பார்த்தே கழித்தவர் என்று வைத்துக்கொள்ளலாம்.

பத்து வயது மணப்பெண்

ரங்கநாயகி பிறந்தது 1905ல். பத்து வயதில் ஸ்ரீரங்கத்தில் வைதிகமான தாத்தாச்சாரியார் குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டார். பத்து வயசு என்றால் நம்ம கணக்கில் அஞ்சாம் கிளாஸ்! பல்லாங்குழி ஆடுகிற கையில் குடும்பப் பொறுப்பு.

அந்தக் காலத்தில் இது ஒன்றும் அதிசயம் இல்லை. சட்டமும் தடுக்கவில்லை. பெண்ணுக்குக் குறைந்தது 14 வயது ஆக வேண்டும் என்று சாரதா சட்டம் வந்ததே 1929ல்தான். அது 18 என்று உயர்ந்தது 1978ல். ரங்கநாயகிக்குக் கல்யாணம் ஆனபோது இந்தப் பேச்சே கிடையாது.

ஆசாரமான கூட்டுக் குடும்பம் என்றால் எப்படி என்று பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். மடி, தீட்டு, விரதம், திதி, உற்சவம், வந்த விருந்தாளி, வரப்போகிற விருந்தாளி. பெண்கள் கடைசிப் பந்தி. மருமகள் வாயைத் திறந்து பேசுவதற்கு ஒரு நேரம், யாரிடம் பேசலாம் என்பதற்கு ஒரு வரிசை. மனசுக்குள் ஆயிரம் இருந்தாலும் சொல்லிக்கொள்ள ஆள் இல்லை. பிறந்த வீட்டுக்குக் கடிதம் எழுதலாம். அதையும் யாராவது பிரித்துப் படிப்பார்கள்!

இந்த வீட்டுக்குள் இருந்துகொண்டு அவர் செய்த முதல் காரியம் படித்தது. கல்லூரிப் படிப்பு இல்லை, வீட்டிலேயே படிப்பு. தமிழோடு நிற்காமல் மற்ற மொழிகளிலும் புகுந்து, பிற்காலத்தில் மொழிபெயர்ப்பு செய்கிற அளவுக்குத் தேறினார். நாம் ஒரு அரியர் பேப்பரை முடிப்பதற்குள் மூச்சு முட்டிப் போகிறோம். அவருக்கு சிலபஸ் இல்லை, வாத்தியார் இல்லை, பாஸ் ஆனால் கைதட்ட ஆளும் இல்லை. ஆனாலும் படித்தார்!

அவர் செய்த அடுத்த காரியம் எழுதியது.

பேனா பிடித்த பெண்கள்

குமுதினிக்கு முன்னாலேயே தமிழில் பெண்கள் எழுதிக்கொண்டுதான் இருந்தார்கள். வை.மு. கோதைநாயகி அம்மாளை மறக்க முடியுமா? 1901ல் பிறந்தவர். கல்யாணம் ஆகும்போது வயது ஐந்தரை! எழுதப் படிக்கத் தெரியாத காலத்தில் தோழி ஒருவரிடம் வாயால் சொல்லி எழுத வைத்து நாடகம் படைத்தார். பிறகு எழுத்துக் கற்று, 1925 முதல் ‘ஜகன்மோகினி’ பத்திரிகையை நடத்தி, 115 நாவல் எழுதினார். சுதந்திரப் போராட்டத்தில் சிறைக்கும் போனார். அவருடையது துப்பறிதலும் திடீர்த் திருப்பமும் கண்ணீரும் நிறைந்த பெரிய கதைகள்.

குமுதினியின் வழி வேறு. அவர் கையில் எடுத்தது சிரிப்பு.

அதற்குக் காலமும் கனிந்திருந்தது. 1926ல் தொடங்கிய ‘ஆனந்த விகடன்’ 1928ல் எஸ்.எஸ். வாசன் கைக்கு வந்தது. கல்கி அதில் ஆசிரியராகச் சேர்ந்த பிறகு நகைச்சுவை என்றால் விகடன் என்று ஆகிப் போனது. 1932ல் ‘கலைமகள்’ வந்தது. வீட்டுக்கு வீடு பத்திரிகை புகுந்தது. திண்ணையில் ஆண்கள் படித்து முடித்ததும் பத்திரிகை உள்ளே போகும். மத்தியானம் பாத்திரம் கழுவி முடித்த பிறகு பெண்கள் படிப்பார்கள்.

ஆனால் அதில் வந்த ஜோக்குகளைப் பாருங்கள். புடவை கேட்டு நச்சரிக்கிற மனைவி, ஊரிலிருந்து வந்து இறங்குகிற மாமியார், பயந்து நடுங்குகிற புருஷன். இன்றைக்கு வரைக்கும் பூரிக்கட்டை ஜோக்குக்குப் பஞ்சமே இல்லை! இதெல்லாம் யார் சொல்கிற ஜோக்? புருஷன் சொல்கிற ஜோக். மனைவி அதில் ஒரு பாத்திரம், அவ்வளவுதான். அந்த மனைவி பக்கத்தில் இருந்து பார்த்தால் வீடு எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. கேமராவைத் திருப்பி வைத்தவர் குமுதினி.

சீதை எழுதிய லெட்டர்

அவருக்குப் பெரிய பெயர் வாங்கித் தந்தவற்றுள் ஒன்று, 1930களில் வெளிவந்த சீதையின் கடிதங்கள். விஷயம் என்ன தெரியுமா? சீதை கல்யாணமாகி அயோத்திக்கு வந்துவிட்டாள். அங்கிருந்து மிதிலையில் இருக்கிற அம்மாவுக்கு லெட்டர் போடுகிறாள்!

ராமாயணம் நமக்குத் தெரிந்தது எப்படி? வில்லை ஒடிக்கிற ராமன், வரம் கேட்கிற கைகேயி, தீயில் இறங்குகிற சீதை. கம்பரும் வால்மீகியும் காட்டுகிற சீதை தெய்வம். குமுதினி காட்டுகிற சீதையோ புதுசாகக் கல்யாணம் ஆன பொண்ணு. அவளுக்கு என்ன கவலை? தீபாவளிக்கு அம்மா வீட்டுப் புடவை வர வேண்டும். அது மிதிலைப் பழைய பாணியாக இருந்தால் இங்கே இருக்கிறவர்கள் என்ன நினைப்பார்களோ? அரண்மனையில் மற்றவர்கள் என்ன கட்டுகிறார்கள், இப்போது எது நாகரிகம், பட்டாபிஷேகத்துக்கு எதை உடுத்துவது? போதாக்குறைக்கு ஒரு மாமியார் அல்ல, மூன்று மாமியார்! ஒருத்தரைச் சமாளிப்பதே பெரும்பாடு என்கிறபோது மூன்று பேர் மனமும் கோணாமல் நடக்க வேண்டும்.

படிக்கும்போது குபீர் என்று சிரிப்பு வரும். காரணம், அத்தனை பெரிய காவியத்துக்கு நடுவில் நம்ம வீட்டுப் பேச்சு கேட்கிறது. அக்கா கல்யாணமாகிப் போன புதிதில் அம்மாவுடன் போனில் பேசுவதை ஒட்டுக் கேட்ட மாதிரியே இருக்கும்.

அப்புறம் கடைசிக் கடிதம் வருகிறது. அவசர அவசரமாக எழுதியது. பட்டுப்புடவை எதுவும் இனி வேண்டாம், காட்டுக்குப் போகிறோம். மரவுரிதான் இனிமேல்.

இங்கேதான் குமுதினியின் கெட்டிக்காரத்தனம். இந்தக் கதையின் முடிவு படிக்கிற நமக்கு முதலிலிருந்தே தெரியும். சீதைக்கு மட்டும் தெரியாது. அவள் பட்டாபிஷேகப் புடவை பற்றி எழுத எழுத, நமக்கு உள்ளுக்குள் பாவமாக இருக்கும். எந்தப் புடவை என்று அவள் தேர்ந்தெடுத்துக்கொண்டிருக்கிறாள். அவளுடைய வாழ்க்கையை வேறு யார் யாரோ தேர்ந்தெடுத்துக்கொண்டிருக்கிறார்கள்! காட்டுக்குப் போவதா வேண்டாமா என்பது மாமனார் கொடுத்த வரத்திலும் மாமியார் கேட்ட கேள்வியிலும் முடிவாகிறது. அவள் கைக்கு எட்டுகிற ஒரே முடிவு, புடவை. பெண்களுக்குப் புடவைப் பித்து என்று ஜோக் அடிக்கிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் யோசிக்க வேண்டும். வேறு எதைத் தீர்மானிக்கும் உரிமையை அவர்களுக்குக் கொடுத்தோம்?

இன்னொன்றும் உண்டு. இந்தக் கடிதங்கள் ராமனுக்கு எழுதப்பட்டவை அல்ல, தோழிக்கும் அல்ல. அம்மாவுக்கு. புகுந்த வீட்டுக் குறையை ஒரு பெண் யாரிடம் சொல்ல முடியும்? அதே பாதையில் முன்னாடி நடந்து போன அம்மாவிடம்தான். அந்த அம்மாவும் ஒரு காலத்தில் இப்படித்தான் கடிதம் எழுதியிருப்பாள் என்பது சொல்லாமலே புரிகிறது.

பல பத்தாண்டுகள் கழித்து 2008ல் அமெரிக்கப் பேராசிரியை பவுலா ரிச்மன் தென்னிந்திய ராமாயணக் கதைகளை ஆங்கிலத்தில் தொகுத்து வெளியிட்டபோது அதில் குமுதினியின் இந்தக் கடிதங்களும் இடம் பெற்றன. ஸ்ரீரங்கத்துக் கூடத்தில் உட்கார்ந்து எழுதியது கடல் கடந்து போயிற்று!

லிமிடெட் கம்பெனி

அவருடைய கட்டுரைத் தொகுப்பு ஒன்றின் பெயர் ‘சில்லறைச் சங்கதிகள் லிமிடெட்’. தலைப்பிலேயே சிரிப்பு வெடிக்கிறது பாருங்கள்! அந்தக் காலத்தில் சிமெண்ட் கம்பெனி, மில் கம்பெனி, பஸ் கம்பெனி என்று ‘லிமிடெட்’ போட்டுக்கொண்டு பல வந்தன. பங்கு, முதலீடு, டைரக்டர்கள் என்று ஒரே தடபுடல். குமுதினி என்ன செய்தார்? வீட்டுச் சில்லறை விஷயங்களுக்கே ஒரு கம்பெனி போர்டு மாட்டிவிட்டார்.

நாம் சில்லறை என்று எதைச் சொல்கிறோம்? பால்காரன் கணக்கு, வராத வேலைக்காரி, தீர்ந்துபோன சர்க்கரை, குழந்தைக்குக் காய்ச்சல், சொல்லாமல் கொள்ளாமல் வருகிற விருந்தாளி. வீட்டு ஆண்களிடம் சொன்னால், இதெல்லாம் ஒரு விஷயமா என்பார்கள். ஆனால் நண்பர்களே, ஒர்க்ஷாப்பில் நமக்குச் சொல்லித் தந்தது என்ன? பெரிய மெஷினை நிறுத்துவதற்குப் பெரிய கோளாறு தேவையில்லை. ஒரு சின்ன வாஷர் தேய்ந்தால் போதும். குடும்பம் என்கிற மெஷினில் அந்த வாஷரையெல்லாம் தினமும் மாற்றிக்கொண்டிருக்கிற ஆள் யார்? அந்த வேலைக்கு ஓவர்டைம் உண்டா? ஞாயிற்றுக்கிழமை லீவு உண்டா?

சில்லறை என்று பெயர் வைத்து அதையே புத்தகமாகப் போட்டதில் ஒரு வீம்பு இருக்கிறது. நீங்க சில்லறைன்னு சொல்லுங்க, நான் அதை வச்சே கடை நடத்திக் காட்டறேன் என்கிற வீம்பு!

கதை, கட்டுரையோடு நிற்கவில்லை. ‘திவான் மகள்’ என்று நாவல் எழுதினார். தாகூரின் ‘யோகாயோக்’ நாவலைத் தமிழுக்குக் கொண்டு வந்தார். அந்த நாவலின் நாயகி பெயர் என்ன தெரியுமா? குமுதினி! மென்மையான மனசுக்காரி. பணம் மட்டுமே தெரிந்த முரட்டுக் கணவனுக்கு வாழ்க்கைப்பட்டு, ஒட்ட முடியாமல் பிறந்த வீடு திரும்புகிறாள். ஆனால் வயிற்றில் குழந்தை. அதனாலேயே மறுபடியும் அந்த வீட்டுக்குப் போக வேண்டியதாகிறது. தாய்மை என்று நாம் கோயில் கட்டிக் கும்பிடுகிற விஷயம் ஒரு பெண்ணுக்குக் கதவைச் சாத்துகிற தாழ்ப்பாளாகவும் ஆகலாம் என்று தாகூர் அழாமல் சொன்னார். நம்ம குமுதினி அதே சங்கதியைச் சிரித்துக்கொண்டு சொன்னார்.

கடல் தாண்டிய அக்காமார்கள்

இது நம்ம ஊர்ச் சமாச்சாரம் மட்டும்தானா? இல்லவே இல்லை. ஏறக்குறைய அதே சமயத்தில் இங்கிலாந்தில் இ.எம். டெலஃபீல்டு என்ற பெண்மணி நாட்டுப்புறத்தில் வாழும் ஒரு குடும்பத் தலைவியின் டைரி என்ற பாவனையில் ஒரு தொடர் எழுதினார். 1930ல் புத்தகமாக வந்தது. அதில் கணவர் ராபர்ட் எந்நேரமும் பேப்பருக்குப் பின்னால் ஒளிந்திருப்பார். சமையல்காரி கோபித்துக்கொள்வாள். பாங்க் கணக்கில் பணம் இருக்காது. பிள்ளைகள் விஷமம் தாங்காது. ஊர்ப் பெரிய வீட்டு அம்மாள் வந்து மட்டம் தட்டிவிட்டுப் போவாள். படித்தால், அட, இது நம்ம தெருக் கதைதானே என்று தோன்றும். ஸ்ரீரங்கத்து மடிசாருக்கும் இங்கிலீஷ் கவுனுக்கும் உள்ளே இருந்த மனசு ஒன்றுதான்.

கொஞ்சம் பின்னால் வந்தவர் அமெரிக்காவின் எர்மா பாம்பெக். 1927ல் ஒஹையோ மாநிலத்தில் பிறந்தவர். ஒன்பது வயதில் அப்பாவை இழந்தவர். மூன்று குழந்தைகளுக்குத் தாய். முப்பத்தேழு வயதில், வாரம் ஒரு பத்தி, பத்திக்கு 3 டாலர் என்று உள்ளூர்ப் பத்திரிகையில் எழுத ஆரம்பித்தார். துணி துவைப்பது, ஒற்றைச் சாக்ஸ் காணாமல் போவது, பிள்ளைகள் பேசாமல் இருந்தால் வயிற்றைக் கலக்குவது, இதுதான் சரக்கு! அது வளர்ந்து சுமார் 900 பத்திரிகைகளில் வந்தது. தாய்மையைப் பற்றி 1983ல் அவர் எழுதிய நகைச்சுவைப் புத்தகம் அங்கே சக்கைப் போடு போட்டது. இத்தனைக்கும் பரம்பரைச் சிறுநீரக நோயோடு வாழ்ந்தவர். 1996ல் மாற்றுச் சிறுநீரகம் பொருத்திய சில வாரங்களில் காலமானார். சம உரிமைச் சட்டத்திருத்தம் வேண்டும் என்று ஊர் ஊராகப் போய்ப் பேசியவரும் அவரே. சிரிக்க வைத்தவர் சும்மா இருக்கவில்லை.

நம்ம பக்கத்திலும் வரிசை நீளமானது. முசிறியில் பிறந்த ராஜம் கிருஷ்ணன், தொட்டியம் தந்த டாக்டர் லக்ஷ்மி, இருவரும் பழைய திருச்சி ஜில்லாக்காரர்கள். இருவரும் சாகித்ய அகாடமி பரிசு வாங்கியவர்கள். 1986ல், குமுதினி மறைந்த அதே வருஷம், விசுவின் ‘சம்சாரம் அது மின்சாரம்’ வந்தது. வீட்டுக்கு நடுவில் கோடு போட்டதையும், கடைசியில் தனிக்குடித்தனம் போகிறோம் என்று மூத்த மருமகள் முடிவு சொன்னதையும் மறக்க முடியுமா? கூட்டுக் குடும்பம் உள்ளே எப்படிப் புழுங்குகிறது என்று தியேட்டரே சிரித்து அழுது பார்த்தது. அந்தப் புழுக்கத்தை ஐம்பது வருஷத்துக்கு முன்னாடியே காகிதத்தில் காட்டியவர் குமுதினி.

சேஃப்டி வால்வா? பிரஷர் கேஜா?

இங்கே ஒரு கேள்வி வரும். சரி, சிரிச்சாச்சு. சிரிச்சதால என்ன மாறிச்சு? மனைவிமார் மத்தியானம் விகடன் படித்துச் சிரித்துவிட்டு, நாலு மணிக்கு எழுந்து காப்பி போடத்தானே போனார்கள்? சிரிப்பு கோபத்தைத் தணித்து, வீட்டை அப்படியே வைத்திருக்க உதவியதா?

நியாயமான கேள்விதான். நம்ம பாஷையிலேயே பதில் சொல்லலாம். பாய்லரில் சேஃப்டி வால்வு இருக்கிறது, பிரஷர் கேஜும் இருக்கிறது. வால்வு நீராவியை வெளியே விட்டுவிடும். பாய்லர் வெடிக்காது, ஆனால் உள்ளே எரிகிற நெருப்பு அப்படியேதான் இருக்கும். கேஜ் அப்படி இல்லை. உள்ளே எவ்வளவு அழுத்தம் என்று முள் காட்டும். பார்க்கிறவன் கண்ணில் படும். பார்த்தவன் ஏதாவது செய்தாக வேண்டும்.

புருஷன்மார் ஜோக் வெறும் வால்வு. குமுதினியின் சிரிப்பு கேஜ். பட்டாபிஷேகப் புடவை பற்றிப் படித்து முதலில் சிரிக்கிறோம். மரவுரி வந்ததும் முள் சிவப்புக் கோட்டைத் தொடுகிறது. அந்த இடத்தில் சிரிப்பு நின்றுபோகிறது அல்லவா? அங்கேதான் அவர் சொல்ல வந்த விஷயம் இருக்கிறது. நேராகத் திட்டி எழுதியிருந்தால் அந்தக் காலத்தில் யார் அச்சுப் போடுவார்கள்? போட்டாலும் எந்த வீட்டுக்குள் விடுவார்கள்? சிரிப்பு என்பது வாசற்படியில் தடுக்கப்படாமல் உள்ளே போகும் பாஸ்!

பேனாவுக்கு அப்பால்

இன்னொரு பதிலும் உண்டு. அதை அவர் எழுத்தில் சொல்லவில்லை, செய்து காட்டினார்.

குமுதினி காந்திய வழியில் வந்தவர். கதர் உடுத்தினார். ஆசாரமான வீட்டில், பட்டும் மடியும் முக்கியமான இடத்தில், மருமகள் கதர் கட்டுவது லேசுப்பட்ட விஷயமா? புடவைக்காக ஏங்கிய சீதையைப் படைத்தவர், தான் உடுத்தும் புடவை எது என்பதைத் தானே முடிவு செய்தார். இந்தப் பொருத்தத்தை நினைத்தாலே எனக்கு மெய் சிலிர்க்கிறது.

திருச்சி சேவா சங்கத்தோடு சேர்ந்து, ஆதரவில்லாத பெண்களுக்காகவும் குழந்தைகளுக்காகவும் வெகு காலம் உழைத்தார். சேவா சங்கப் பெண்கள் பள்ளி என்றால் திருச்சியில் தெரியாதவர் கிடையாது. பத்து வயதில் மணமேடை ஏறியவர், பத்து வயதுப் பெண் குழந்தைகள் பள்ளிக்கூடம் போக வேண்டும் என்று பாடுபட்டார். தனக்குக் கிடைக்காததை அடுத்தவருக்குக் கிடைக்கச் செய்வதை விடப் பெரிய பழிவாங்கல் உண்டா! கேஜ் முள்ளைக் காட்டிவிட்டு, நெருப்பைக் குறைக்கவும் தாமே இறங்கிவிட்டார் என்று சொல்ல வேண்டும்.

மருமகளாக வந்து, தாயாகி, எழுத்தாளராகி, தொண்டராகி, எண்பதைத் தொட்ட வாழ்க்கை 1986ல் முடிந்தது.

எழுதப்படாத சில்லறைகள்

குமுதினி எல்லார் வீட்டையும் எழுதிவிட்டார் என்று சொல்ல மாட்டேன். அவர் எழுதியது அவர் பார்த்த வீடு. கூடம், தாழ்வாரம், சமையலறை, வேலைக்காரி இருக்கிற வீடு. நம்ம வீடு எப்படி? நம்ம பெரம்பலூர்ப் பக்கம் அம்மா விடியக்காலம் சோறாக்கி வச்சிட்டுச் சின்ன வெங்காயம் அறுக்கப் போறாங்க. பருத்தி எடுக்கப் போறாங்க, மக்காச்சோளம் ஒடிக்கப் போறாங்க. செந்துறை, ஆண்டிமடம் பக்கம் முந்திரிக் கொட்டை உடைக்கிறாங்க. கை எல்லாம் பால் பட்டுக் கருத்துப் போகுது. சாயங்காலம் வந்து மறுபடியும் அடுப்பு. இதில் அப்பாவின் கோபம், அத்தையின் குத்தல், சொசைட்டிக் கடன், நம்ம செமஸ்டர் ஃபீஸ்!

இவர்களுக்குக் குறை இல்லையா? இருக்கிறது. சிரிப்பு இல்லையா? அதுவும் இருக்கிறது, தாராளமாக! நாற்று நடும்போது பாட்டிலேயே புருஷனைக் கேலி பண்ணுவார்கள். நலுங்கில் மாமியாரை வாரி விடுவார்கள். நூறு நாள் வேலையில் மரத்தடியில் உட்காரும்போது கேட்டுப் பாருங்கள், விகடன் தோற்றுவிடும். ஆனால் அதையெல்லாம் யார் எழுதினார்கள்? காற்றோடு போய்க்கொண்டிருக்கிறது. ஒரு சீதையின் லெட்டர் அச்சேறிவிட்டது. ஆயிரம் சீதைகளின் லெட்டர் இன்னும் எழுதப்படவே இல்லை.

ஆகவே, நண்பர்களே! உங்கள் அம்மா அலுத்துக்கொண்டு ஏதாவது சொல்லும்போது, இதே புலம்பல்தான் என்று காதில் இயர்போனை மாட்டிக்கொள்ளாதீர்கள். கேளுங்கள். சாப்பிட்ட தட்டை நீங்களே கழுவி வையுங்கள், குடி முழுகிவிடாது. நாளைக்குச் சம்பாதித்துக் கல்யாணம் பண்ணிக்கொள்ளும்போது, வருகிறவளும் ஒரு வீட்டில் படித்து வளர்ந்த மனுஷிதான் என்பதை நினைவில் வையுங்கள்.

தோழியரே! நம் கூடப் படித்து, டிராயிங்கில் நம்மைவிட நல்ல மார்க் வாங்கிய எத்தனையோ பேர் கல்யாணம் என்றதும் சர்டிபிகேட்டைப் பெட்டிக்கு அடியில் வைத்துவிடுகிறார்கள். அதை அடியில் வைக்காதீர்கள். மனசுக்குள் புழுங்கும்போது ஒரு நோட்டை எடுத்து எழுதுங்கள். அழுது எழுத வேண்டும் என்று இல்லை, சிரித்தும் எழுதலாம் என்று ஸ்ரீரங்கத்திலிருந்து ஒருத்தர் வழி காட்டிவிட்டுப் போயிருக்கிறார். பத்து வயசுல கல்யாணம் ஆன அவரால் முடிந்தது. பாலிடெக்னிக் படித்த உங்களால் முடியாதா என்ன?

குமுதினி புகழ் வாழ்க! நம் அம்மாக்களின் சிரிப்பு வளர்க!